வளிமண்டலக் கடிகாரங்கள்: வரலாறும் பழுதுநீக்கும் கலையும்

வளிமண்டலக் கடிகாரம் என்பது காற்றின் வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் இயல்பாக நேரும் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு தனக்குத்தானே சாவி கொடுத்துக்கொள்ளும் இயந்திரக் கடிகாரம். மின்சாரமோ பேட்டரியோ மனிதக் கையோ இதற்குத் தேவையில்லை. பகலில் அறை சற்றுச் சூடாகி இரவில் குளிர்ந்தால் போதும். அந்த வேறுபாட்டில் கிடைக்கும் சொற்ப ஆற்றலை ஸ்பிரிங்கிலோ தொங்கும் எடையிலோ சேமித்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓடும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இத்தகைய கருவிகள் ஒன்றிரண்டாகச் செய்யப்பட்டு வந்தன. தொழிற்சாலையில் பெருமளவில் தயாராகி வீடுகளுக்குள் வந்த பெருமை சுவிட்சர்லாந்தின் ஆட்மாஸ் கடிகாரத்துக்கு உரியது. இன்று இத்துறையில் பழுதுபார்ப்பு என்றாலே பெரும்பாலும் ஆட்மாஸைப் பழுதுபார்ப்பதுதான்.

இக்கடிகாரம் மிகக் குறைந்த ஆற்றலில் ஓடுகிறது. அதனாலேயே மிகச் சிறிய தடையும் இதை நிறுத்திவிடும். மற்றக் கடிகாரங்களில் அழுக்கு சேர்ந்தாலும் ஸ்பிரிங்கின் பலம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். இதில் அப்படித் தள்ளுவதற்குப் பலம் கிடையாது. விசையைக் கூட்டிப் பழுதை மறைக்க வழியில்லாததால், தடை எங்கே இருக்கிறது என்று தேடி அதை நீக்குவதே பழுதுபார்ப்பவரின் வேலை. இக்கலையின் விதிகள் அனைத்தும் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவை.

தொடக்கம்: டிரெபெலின் கருவி

நெதர்லாந்தின் அல்க்மார் நகரில் 1572இல் பிறந்த கார்னெலிஸ் டிரெபெல், தானே இயங்கும் கடிகாரம் ஒன்றுக்கு 1598இல் தம் நாட்டில் காப்புரிமை பெற்றார். பின்னர் இங்கிலாந்து சென்று, மன்னர் முதலாம் ஜேம்ஸுக்காகச் செய்த ‘நிரந்தர இயக்கக் கருவி’யால் 1610 வாக்கில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றார். லண்டனை அடுத்த எல்தம் அரண்மனையில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. நடுவில் உருண்டை, அதைச் சுற்றிக் கண்ணாடி வளையம், வளையத்துக்குள் ஏறியிறங்கும் திரவம் என்று அதன் தோற்றத்தை அக்கால ஓவியங்களும் விவரிப்புகளும் காட்டுகின்றன.

பார்த்தவர்கள் அதை மாயவித்தை என்றும் நிரந்தர இயக்கம் என்றும் வியந்தார்கள். மூடிய காற்று சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும், வெளிக்காற்றின் அழுத்தம் மாறுவதும்தான் அதன் பின்னிருந்த விசை. காற்றுக்கு எடை உண்டு என்பதை டாரிசெல்லி பாதரசக் குழாயால் மெய்ப்பித்தது 1643இல்தான். விளக்கம் வருவதற்கு ஒரு தலைமுறை முன்பே டிரெபெல் அதன் விளைவைக் கருவியில் பயன்படுத்திவிட்டார். இவ்வகைக் கடிகாரம் எதுவும் ஒன்றுமில்லாமையிலிருந்து ஆற்றலை உண்டாக்குவதில்லை. சூரியன் காற்றைச் சூடாக்குகிறது; கடிகாரம் அதில் ஒரு துளியை எடுத்துக்கொள்கிறது.

காக்ஸின் பாதரசக் கடிகாரம்

18ஆம் நூற்றாண்டில் லண்டன் பொற்கொல்லரும் வணிகருமான ஜேம்ஸ் காக்ஸ், பெல்ஜியத்தில் பிறந்த கைவினைஞர் ஜான் ஜோசப் மெர்லினுடன் சேர்ந்து, பெரிய பாரோமீட்டரையே விசையாகக் கொண்ட கடிகாரத்தை உருவாக்கினார். கண்ணாடிக் கலங்களில் சுமார் 68 கிலோ பாதரசம் நிரப்பப்பட்டது. காற்றழுத்தம் மாறும்போது பாதரசம் ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு நகரும். ஏறினாலும் இறங்கினாலும் அந்த அசைவு எடையை ஒரே திசையில் உயர்த்தும்படி பல்சக்கரங்கள் அமைந்திருந்தன. வேண்டியதற்கு மேல் சாவி ஏறிவிடாதபடி தடுக்கும் ஏற்பாடும் இருந்தது. வானியலாளர் ஜேம்ஸ் பெர்குசன் அதை ஆராய்ந்து 1774இல் பாராட்டி எழுதினார்.

இன்று அது லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; 1961இல் அங்கு வந்தது. உள்ளே பாதரசம் இல்லாததால் ஓடுவதில்லை. அதன் பல்சக்கரங்களை எவ்வளவு துடைத்தாலும் விசை தரும் பகுதியை மீட்காமல் கடிகாரம் உயிர்பெறாது. கடிகாரம், விசைக்கலம் என்ற இரண்டு வேறு இயந்திரங்கள் ஓர் உடலில் இருப்பதும், இரண்டும் தனித்தனியே பழுதாவதும் இவ்வகைக் கடிகாரங்கள் எல்லாவற்றுக்கும் பொது.

பெவர்லி கடிகாரம்

நியூசிலாந்தின் டனீடின் நகரில் ஆர்தர் பெவர்லி 1864இல் செய்த கடிகாரம் ஒட்டாகோ பல்கலைக்கழக இயற்பியல் துறையில் உள்ளது. சுமார் ஒரு கன அடி கொள்ளளவுள்ள காற்றுப்புகாப் பெட்டியில் அடைபட்ட காற்று விரிந்து சுருங்கி, ஒரு சவ்வை அசைக்கிறது. ஒரு நாளில் 6 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தால், ஒரு பவுண்டு எடையை ஓர் அங்குலம் உயர்த்தும் ஆற்றல் கிடைக்கும். அதற்கு இதுவரை யாரும் சாவி கொடுத்ததில்லை. ஆனாலும் அது நிற்காமல் ஓடியதில்லை. சுத்தம் செய்யும்போதும், பாகம் பழுதானபோதும், துறை இடம் மாறியபோதும், போதிய வெப்ப வேறுபாடு கிடைக்காத நாட்களிலும் நின்றிருக்கிறது. சாவி வேண்டாத கடிகாரத்துக்கும் பராமரிப்பு வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

ரூட்டரும் ஆட்மாஸும்

சுவிட்சர்லாந்தின் நெஷாத்தெல் நகரத்தில் 1899இல் பிறந்த பொறியாளர் ஜான்-லெயோன் ரூட்டர், கேள்வியைத் திருப்பிப் போட்டார். முன்னோர் காற்றிலிருந்து எவ்வளவு ஆற்றலை எடுக்கலாம் என்று பார்த்தார்கள். அவர் எவ்வளவு குறைந்த ஆற்றலில் ஒரு கடிகாரத்தை ஓட்டலாம் என்று பார்த்தார். பக்கவாட்டில் ஆடும் ஊசலுக்குப் பதிலாக, மெல்லிய கம்பியில் தொங்கி இப்படியும் அப்படியும் சுழலும் முறுக்கு ஊசலை அவர் தேர்ந்தது இதனால்தான். 1928இல் அவர் உருவாக்கிய கடிகாரத்தை, பிரான்சின் கொம்பான்யி ஜெனரால் தெ ரேடியோ நிறுவனம் 1929இல் தயாரிக்கத் தொடங்கியது. அதுவே ஆட்மாஸ் 1. கண்ணாடிக் குழாயில் அடைத்த பாதரசமும் அம்மோனியாவும் அதற்கு விசை தந்தன. வெப்பநிலை மாறும்போது பாதரசம் இடம்பெயர, அதைத் தாங்கிய உருளை சாய்ந்து ஸ்பிரிங்கை முறுக்கியது.

அந்தக் கண்ணாடிக் குழாயே அதன் பலவீனம். உடைந்தால் நச்சுள்ள பாதரசம் சிதறும்; புதிய குழாயும் எளிதில் கிடைக்காது. ஆட்மாஸ் 1 கைக்கு வந்தால் அனுபவமுள்ளவர்கள் முதலில் குழாயைப் பார்ப்பதும், அதைப் பத்திரப்படுத்திய பிறகே மற்றவற்றைத் தொடுவதும் இதனால்தான்.

1935இல் தயாரிப்பு சுவிட்சர்லாந்தின் லெகூல்த்ர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ழூ பள்ளத்தாக்கில் லெ சாந்தியே ஊரில் 1833இல் அந்துவான் லெகூல்த்ர் தொடங்கிய பட்டறையின் வழிவந்தது அது. பின்னர் ஜேஜர்-லெகூல்த்ர் என்ற பெயரால் அறியப்பட்டது. பாதரசத்தையும் கண்ணாடியையும் கைவிட்டு, எத்தில் குளோரைடு அடைத்த உலோகத் துருத்தியை அங்கிருந்தவர்கள் பொருத்தினார்கள். 1936இல் அறிவிக்கப்பட்ட ஆட்மாஸ் 2, தொடக்கச் சிக்கல்கள் தீர்ந்து 1939இல்தான் முழு அளவில் தயாரானது. பின்னர் வந்த 526, 528, 540 முதலிய கலிபர்கள் (இயந்திர வகைகள்) எல்லாம் இந்த அடிப்படையிலேயே அமைந்தவை. நாட்டுக்கு வரும் தலைவர்களுக்குச் சுவிஸ் அரசு ஆட்மாஸைப் பரிசளித்ததால் அதன் புகழ் உலகெங்கும் பரவியது.

பழுதுபார்ப்பவர் பார்வையில் 1930களின் இந்த மாற்றம் பெரிய கொடை. உலோகத் துருத்தி பின்புறம் ஓர் உருளைக்குள் தனியாக அமர்ந்திருக்கிறது. அதைக் கழற்றிச் சோதிக்கலாம், மறுபடி நிரப்பலாம், மாற்றலாம். எண்பது வயதான ஆட்மாஸ் 2 இன்றும் ஓட முடிவது அந்தப் பிரிப்பினால்தான்.

இயங்கும் முறை

எத்தில் குளோரைடின் கொதிநிலை சுமார் 12 டிகிரி செல்சியஸ். அதனால் சாதாரண அறைச் சூட்டில் துருத்திக்குள் அதன் ஆவியழுத்தம் வெப்பநிலையோடு வேகமாக மாறும். சூடேறினால் துருத்தி விரியும். குளிர்ந்தால் அதை எதிர்த்து நிற்கும் சுருள்வில் அதைச் சுருக்கும். இந்த அசைவை மெல்லிய சங்கிலி ஒன்று, ஒரே திசையில் மட்டும் திரும்பும் பல்சக்கரம் வழியாக மெயின் ஸ்பிரிங்குக்குக் கொண்டுசேர்க்கும். 15 முதல் 30 டிகிரி வரையான எல்லையில் ஒரு டிகிரி மாறினாலே சுமார் இரண்டு நாள் ஓடுவதற்கான ஆற்றல் சேரும்.

ஆட்மாஸின் ஊசல் ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 120 அரை ஆட்டங்கள். மணிக்கு 18,000 முறை துடிக்கும் பழைய கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டால் 150இல் ஒரு பங்குதான். ஆறு கோடி ஆட்மாஸ்கள் சேர்ந்து செலவிடும் ஆற்றல் ஒரு 15 வாட் பல்புக்குத்தான் காணும் என்று நிறுவனம் கணக்குச் சொல்கிறது. கடிகாரம் ஒன்றுக்கு ஒரு வாட்டில் 40 லட்சத்தில் ஒரு பங்கு.

ஊசலைத் தாங்கும் கம்பி எலின்வார் என்னும் கலப்பு உலோகத்தால் ஆனது. இரும்பு, நிக்கல், குரோமியம் சேர்ந்த இந்த உலோகத்தின் மீள்தன்மை வெப்பநிலை மாறினாலும் ஏறக்குறைய மாறாது. கண்டுபிடித்தவர் சுவிஸ் இயற்பியலாளர் சார்ல் எதுவார் கியோம். நிக்கல்-எஃகு ஆய்வுகளுக்காக 1920இல் நோபல் பரிசு பெற்றவர். வெப்ப மாற்றத்தால் ஓடும் கடிகாரம் அதே வெப்ப மாற்றத்தால் நேரம் தவறக் கூடாது. அந்த முரணைத் தீர்த்தது இந்தக் கம்பிதான்.

வழக்கமாக நேரும் பழுதுகள்

கடிகாரம் நின்றுவிட்டால் முதல் கேள்வி: விசை வரவில்லையா, வந்த விசை எங்காவது தடைபடுகிறதா? இதைப் பிரித்தறிய, மெயின் ஸ்பிரிங்கைக் கையால் முறுக்கிவிட்டுப் பார்ப்பார்கள். ஓடத் தொடங்கி, முறுக்கு தீர்ந்ததும் நின்றால் குறை துருத்தியில். முறுக்கிய பிறகும் நின்றால் சக்கர வரிசையிலோ ஊசலிலோ தடை இருக்கிறது.

துருத்தியின் பழுது பெரும்பாலும் கசிவு. மடிப்புகளிலும் ஒட்டிய இடங்களிலும் பல பத்தாண்டுகளில் நுண்ணிய வழி உண்டாகி, வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். கழற்றிச் சோதிப்பது எளிது. நல்ல துருத்தி அறைச் சூட்டில் நன்றாக விரிந்து நிற்கும். ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் நீளம் பளிச்சென்று குறைந்திருக்கும். மேசையில் வைத்ததும் கண்முன்னே மெல்ல மறுபடி நீளும். வாயு இழந்த துருத்தி இரண்டு நிலையிலும் சுருங்கியே கிடக்கும். முன்பின் நீளத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். ஓரளவு மட்டும் கசிந்த துருத்தியைக் கண்டுபிடிக்க அதுதான் வழி.

அடுத்தது ஊசல் கம்பியின் பழுது. கடிகாரத்தின் அடிப்பகுதியில் ஊசலைப் பூட்டும் நெம்புகோல் உண்டு. அதைப் பூட்டாமல் கடிகாரத்தைத் தூக்கினால் கனத்த ஊசல் ஆடி, கம்பியில் மடிப்பு விழும், அல்லது அறுந்துபோகும். மடிந்த கம்பியை நிமிர்த்திவிடலாம் என்று முயல்வதில் பயனில்லை. ஊசல் தள்ளாடிச் சுழலும். ஆற்றல் அதிலேயே வீணாகும். மாற்றுவதுதான் வழி.

மூன்றாவது, மனிதர் செய்யும் பழுது: எண்ணெய். மற்றக் கடிகாரங்களுக்கு எண்ணெய் போட்டுப் பழகிய கை, ஆட்மாஸின் பிவட்களிலும் (சக்கர அச்சுகளின் நுனிகளிலும்) ஒரு துளி வைத்துவிடும். சில காலம் ஓடும். பிறகு எண்ணெய் கெட்டியாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிசுபிசுப்பைத் தள்ளும் பலம் இக்கடிகாரத்துக்கு இல்லை. மெதுவாகவும் லேசான சுமையோடும் திரும்பும் பிவட்கள் எண்ணெய் இல்லாமலே பல பத்தாண்டுகள் தேயாமல் ஓடும். அதனால் சக்கர வரிசையின் பிவட்கள் வறண்டே இருக்க வேண்டும் என்பது இத்தொழிலின் மாறாத விதி.

சர்வீஸ் செய்யும் முறை

வேலை ஊசலைப் பூட்டுவதில் தொடங்குகிறது. கண்ணாடியைக் கழற்றும்போதே பருத்திக் கையுறை அணிவார்கள்; பொன் முலாம் பூசிய சட்டத்தில் விரல் ரேகை படிந்தால் நாளடைவில் கறையாகும். துருத்தியைக் கழற்றும் முன் குளிர வைப்பது பாதுகாப்பு. சூட்டில் விரிந்திருக்கும் துருத்தி மூடியை உள்ளிருந்து அழுத்திக்கொண்டிருக்கும். மூடியைப் பிடித்திருக்கும் வளையத்தை அந்நிலையில் தளர்த்தினால் வேகமாக வெளியே தள்ளப்படலாம்.

துருத்தி வெளியே வந்ததும் மெயின் ஸ்பிரிங்கில் எஞ்சியுள்ள முறுக்கைக் கட்டுப்பாட்டோடு இறக்க வேண்டும். இதைச் செய்யாமல் தட்டுகளைப் பிரித்தால், சேமித்திருந்த ஆற்றல் ஒரே நொடியில் பாய்ந்து சக்கரங்களைச் சுழற்றி, பிவட்களை வளைத்து, பற்களை உடைத்துவிடும். நொடிக்கு இவ்வளவு குறைவாகச் செலவிடும் கடிகாரம் என்றாலும், பல மாதங்களுக்கான ஆற்றல் அந்தச் சுருளுக்குள் இருக்கிறது.

பிரித்த சக்கரங்களைக் கழுவி உலர்த்திய பிறகு, பிவட் துளைகளைக் கூராகச் சீவிய மரக் குச்சியால் ஒவ்வொன்றாகச் சுற்றித் துடைப்பார்கள். குச்சியின் நுனியில் கறுப்பு வரும். சீவிவிட்டு மறுபடி நுழைப்பார்கள். நுனி வெள்ளையாகவே வெளிவரும் வரை அந்தத் துளையை விடுவதில்லை. பிவட்களைக் கண் லென்ஸில் பார்த்து, கீறலோ பழைய எண்ணெயின் பழுப்புப் படலமோ இருந்தால் மெருகேற்றுவார்கள். சக்கர வரிசையை மட்டும் பூட்டியதும், முதல் சக்கரத்தை விரலால் மிக லேசாகத் தொட்டால் கடைசிச் சக்கரம் வரை தயங்காமல் திரும்ப வேண்டும். எங்காவது தயக்கம் தெரிந்தால் அங்கேயே திரும்பவும் பிரிப்பதுதான் முறை.

கடைசியாக வருவது ஊசலின் சமனம். ஊசலோடு சுழலும் சிறு கல் ஒவ்வொரு முறையும் பேலட் நெம்புகோலைத் தட்ட, விடுவிப்புச் சக்கரத்தின் ஒரு பல் நழுவும். பல் நழுவிய பிறகும் ஊசல் அதே திசையில் இன்னும் கொஞ்ச தூரம் போய்த்தான் திரும்பும். இந்த மீதித் தூரம் இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒருபக்கம் அதிகமாக இருந்தால், கம்பியின் மேல்முனையைப் பிடித்திருக்கும் பாகத்தை இம்மியளவு திருப்பி, பல நிமிடங்கள் காத்திருந்து, மறுபடி பார்க்க வேண்டும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு நிமிடம் ஆகும் கடிகாரத்தில் எந்தத் திருத்தத்தின் விளைவும் உடனே தெரியாது. நேரத்தைச் சீராக்குவதும் அப்படியே. மேலேயுள்ள சீராக்கியைச் சிறிது நகர்த்தினால் ஒரு நாளாவது விட்டுப் பார்த்த பிறகே அடுத்ததாக நகர்த்தலாம். பொறுமையில்லாதவர்கள் கைவைத்த ஆட்மாஸ், ஒருநாள் முந்தியும் மறுநாள் பிந்தியும் அலைந்துகொண்டே இருக்கும்.

கசிந்த துருத்தியை மாற்றலாம், அல்லது அதிலேயே மறுபடி எத்தில் குளோரைடு நிரப்பலாம். நிரப்புபவர்கள் துருத்தியை நன்கு குளிரவைப்பார்கள். 12 டிகிரிக்குக் கீழே அந்த வாயு திரவமாக இருப்பதால் ஊற்றி அடைக்க முடிகிறது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும். நெருப்புப் பொறி அருகில் இருக்கக் கூடாது, காற்றோட்டமும் வேண்டும். பயிற்சி இல்லாதவர்கள் வீட்டில் முயலக் கூடிய வேலை இதுவல்ல.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

ஓடிக்கொண்டிருக்கும் ஆட்மாஸுக்கு வேண்டியவை சில: அதிராத தளம், மட்டம், நேர் வெயில் படாத இடம், மூடிய கண்ணாடி. அடிப்பகுதியிலுள்ள ரசமட்டத்தைப் பார்த்து, திருகுக் கால்களை மேலும் கீழும் திருப்பி மட்டம் செய்ய வேண்டும். இடம் மாற்றும்போது எவ்வளவு குறைந்த தூரமானாலும் ஊசலைப் பூட்ட வேண்டும். நேரம் வைக்க நிமிட முள்ளை மட்டும் முன்னோக்கி நகர்த்த வேண்டும்.

நாள் முழுவதும் ஒரே அளவில் ஏசி ஓடும் அறையில் கடிகாரத்துக்கு ஆற்றல் போதாமல் போகலாம். வெப்பநிலை இடைவிடாமல் 30 டிகிரிக்கு மேலேயே நிற்கும் கோடையிலும் அப்படித்தான். துருத்தி முழுதாக விரிந்தபடி இருக்குமே தவிர அசையாது. ஆகவே நின்ற கடிகாரத்தைப் பிரிப்பதற்கு முன் அது நின்ற காலத்தையும் அறையையும் விசாரிப்பது நல்ல பழுதுபார்ப்பவரின் முதல் வேலை. குறை கடிகாரத்தில் இல்லாமலும் இருக்கலாம்.

இன்றைய நிலை

ஆட்மாஸ் இன்றும் தயாராகிறது. மார்க் நியூசன் வடிவமைத்த படிகக் கண்ணாடிக் கூடுள்ள மாதிரி 2008இல் வந்தது. நிலவின் பிறைகளைக் காட்டும் மாதிரிகளும் உண்டு. ஆனால் உலகெங்கும் பழுதுபார்ப்பு மேசைகளுக்கு வருபவற்றில் பெரும்பகுதி 20ஆம் நூற்றாண்டில் பணி ஓய்வுப் பரிசாகவும் திருமணப் பரிசாகவும் கொடுக்கப்பட்டுப் பிள்ளைகள் கைக்கு வந்தவை. சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. ஒரு மனிதர் தம் தொழில்வாழ்வில் ஒரே கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தால் அதிகம். அதனால் ஒவ்வொரு வேலையிலும் தாம் செய்ததை எழுதி வைப்பதும், துருத்தியை நிரப்பிய தேதியைக் குறிப்பதும், இளையவர் ஒருவருக்கு வறண்ட பிவட்டின் விதியைச் சொல்லிக்கொடுப்பதும் இத்தொழிலில் கூடுதல் வேலைகள் அல்ல. கடிகாரத்துக்குச் செய்யும் பணியின் பகுதிகளே. காற்றிலிருந்து விசை இலவசமாக வந்துகொண்டே இருக்கும். அதைத் தடையில்லாமல் முள் வரை கொண்டுபோகும் வழியைத் திறந்து வைத்திருப்பது, ஒரு தலைமுறைப் பழுதுபார்ப்பவர் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் பொறுப்பு.